ராஜகுமாரியின் அம்மா வரவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. நலமா என்று கேட்டு, டெல்லியில் வெயில் எப்படி என்று எழுதி, அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருகிற பொறுமை எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் மாமியார்மேல் பொறாமை. உன் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற அந்த ஊர் டாக்டர்மேல் பொறாமை. எல்லாரையும்விட, செத்து ஐநூறு வருஷம் ஆகப்போகிற அந்தப் பெண்மேல்தான் அதிகப் பொறாமை. அவள் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். இத்தனை வருஷம் அவள் பெயரைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊரறியவா எழுதுவது என்று நீ முகத்தைச் சுளிப்பாய். அவளைப் பெற்ற ராணியம்மா தன் மகளுக்கு எழுதினதையெல்லாம் நீ புத்தகமாகப் போட்டு உலகமே படிக்கக் கொடுத்திருக்கிறாய். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டாயா? அப்புறம், இதைத் தமிழில்தான் எழுதுவேன். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் படித்த பெண், போர்ச்சுகீஸ் கற்றுக்கொண்டாய், இத்தாலியன் கற்றுக்கொண்டாய், கோழி கிளறின மாதிரி இருக்கிற பழைய கையெழுத்தைக் கண்ணாடி வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டாய். யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு மகளுக்கு எழுதினதைப் படிக்க அவ்வளவு பாடுபட்டாய் அல்லவா, உன் சொந்த அம்மா எழுதினதைப் படிக்கவும் கொஞ்சம் பாடுபடு. அப்பாவைப் போனில் படித்துக் காட்டச் சொல்லாதே. அவர் சங்கடமான இடத்தையெல்லாம் விட்டுவிட்டுப் படிப்பார்.

அவள் நம் வீட்டுக்குள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ காலேஜில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாய். லைப்ரரி புத்தகத்தில் இருந்த ஒரு படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து வந்து உன் அலமாரிக் கதவில் ஒட்டினாய். நெற்றி ஏறின, புருவமே இல்லாத ஒரு சின்னப் பெண், கழுத்தில் முத்து, மடியில் ஒரு நாய்க்குட்டி. "யாருட்டி இது, ரத்தமே இல்லாம இருக்கா?" என்று கேட்டேன். "போர்ச்சுகல் ராஜா பொண்ணும்மா. பதினாலு வயசுல இத்தாலிக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்க. பதினேழுல டெலிவரில செத்துப் போயிட்டா" என்றாய். பாவம் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அது முடியவே இல்லை. எம்.ஏ.வும் அவள்தான், பி.எச்டி.யும் அவள்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்வாய். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் அவளுக்கு எந்த ஊர்ப் பட்டு பிடிக்கும் என்று சொல்வாய். எனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஒருநாள் தாங்க முடியாமல் உன் அப்பாவிடம், "நமக்குப் பொறந்தவ ஒருத்தி, இவ சீராட்டுதது இன்னொருத்தி. எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கிருந்து அவளுக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். அப்பா ஆபீசிலிருந்து வந்ததும், "சக்களத்தி இன்னைக்கு என்ன செஞ்சா?" என்று உன்னைக் கேட்பார். நீயும் சிரித்துக்கொண்டே சொல்வாய். நான்தான் சிரித்ததில்லை.

ஆனால் கேட்காமலும் இருந்ததில்லை. அதைத்தான் நீ கவனிக்கவில்லை. மாப்பிள்ளை இல்லாமலேயே அவளுக்குக் கல்யாணம் நடந்தது என்று சொன்னாய். மாப்பிள்ளைக்குப் பதிலாக அவன் அனுப்பின தூதுவர் ஒருத்தர் நின்று மோதிரம் போட்டார், அப்படியும் அது செல்லுமாம். கப்பலில் போனாள், வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். கூடப்போன தோழிப் பெண்களையும், பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த செவிலியையும், போன கொஞ்ச நாளிலேயே புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே பேசுகிற மொழி அவளுக்கு வராது. மாமியார் ஒரு வார்த்தை பேசினால் அது திட்டா கொஞ்சலா என்றுகூடத் தெரியாமல் அந்தக் குழந்தை நின்றிருக்கிறது. அவள் உண்டானதும் ராணியம்மா தன் ஊரிலிருந்து நம்பிக்கையான ஒரு மருத்துவச்சியை அனுப்பினாள். எங்கள் வீட்டில் இல்லாத மருத்துவச்சியா என்று அந்த மாமியார் அவளை வாசலோடு நிறுத்திவிட்டாள். நீ இதைச் சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அவ அம்மா என்ன செஞ்சா?" என்று கேட்டேன். "லெட்டர் எழுதினாங்கம்மா. நெறைய எழுதினாங்க." "எழுதினா சரி. போனாளா?" "ராணிலாம் அப்படிப் போக முடியாதும்மா. போகல." காலைச் சூடாக வைத்துக்கொள், கல் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, சூப் குடி என்று அவள் எழுதின கடைசிக் கடிதம், மகளைப் புதைத்த பிறகுதான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்றாய். நான் கீரையை அப்படியே போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். சக்களத்திக்காக அழுதேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

அப்புறம் நீயும் அவள் போன ஊருக்கே போனாய். அவளைப் புதைத்திருக்கிற கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு எடுத்தாய். அந்தத் தெருப் பையனையே கட்டிக்கொள்கிறேன் என்றாய். பையன் தங்கமான பையன், அவனை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்து நேரம் பார்த்து அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். எங்களால் வர முடியவில்லை. அந்த ராணியம்மா மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் பார்த்தாள், நான் மகள் இல்லாமல் கல்யாணம் பார்த்தேன். மயூர் விஹார் ஃபிளாட்டில், கூறைப்புடவை மாதிரி ஒரு சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, டைனிங் டேபிளில் குக்கர்மேல் சாய்த்து வைத்த போனின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ கையெழுத்துப் போட்டதும் அட்சதையை எடுத்துப் போன்மேல் போட்டேன். ஒரு அரிசி சார்ஜர் ஓட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க ஊசியோடு போராடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையனின் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் என் மகள் இன்னொருத்தி தோளில் முகம் வைத்து அழுதுகொண்டிருக்கிறாள். அந்த அழுகை எனக்கு வர வேண்டிய அழுகை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இதெல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு என் வாயில் அப்படி வந்தது. நியாயம் பேசுகிறேன் என்று நினைக்காதே. எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு உன்னைக் கூட்டிவருவதற்காக நான் உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். கொசுவலைகூட வாங்கிவிட்டேன். நீ வீடியோ போனில் சாதாரணமாகச் சொல்கிறாய்: "அம்மா, சுனோ நா, கேளேன், நான் வரல. இங்கேயே எல்லாம் அரேஞ்ச் பண்ணியாச்சு. மம்மாவே மெட்டர்னிட்டி வார்டு நர்ஸா இருந்தவங்க. அவங்க கூடவே உள்ள இருப்பாங்க." மம்மா என்கிறாய். சரி, அந்த ஊரில் மாமியாரை அப்படிக் கூப்பிடுவார்களோ என்னவோ. "அப்போ நான் வாரேன்" என்றேன். "இப்போ வேண்டாம்மா. வீடு சின்னது. பேபி வந்து ரெண்டு மாசம் ஆனப்புறம் ஆராமா, நிதானமா வா." "என் மகளுக்குப் பேறுகாலம், நான் விருந்தாளி மாதிரி ரெண்டு மாசம் கழிச்சு வரணுமா? நல்லாருக்குட்டி ஞாயம்." "நீயும்தான் ஊருக்குப் போகல. லீவு இல்லைன்னு டெல்லிலயே என்னைப் பெத்த." "எங்கம்மா ரயிலேறி வந்தால்லா? பக்கத்துல நின்னால்லா?" நீ பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சு இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "உன் ராஜகுமாரியும் மாமியாரை நம்பித்தான் அங்க பெத்தா. என்ன ஆச்சு அவளுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

ஆறு மாதக் கர்ப்பிணியிடம், பெற்ற தாய் சொல்கிற பேச்சா அது? சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரையில் உன் முகம் வெளுத்தது, கை தானாக வயிற்றுக்குப் போனது, அப்புறம் திரை அணைந்துவிட்டது. உன் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைட்ட போய் எதைச் சொல்லிட்ட நீ" என்றார். அதற்கப்புறம் அவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீ அவருக்கு மட்டும் மெசேஜ் அனுப்பினாய். அவர் என் எதிரிலேயே படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் வாய்விட்டுக் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். உன் அறையைப் பெருக்கப் போனால் அலமாரிக் கதவில் அவள் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நீ போன பிறகும் அந்தப் படத்தை நான்தான் தினம் தூசி தட்டுகிறேன். "போதுமாட்டி உனக்கு? சந்தோஷமா?" என்று ஒருநாள் அவளிடம் கேட்டுவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று வாரத்துக்கு முன்னால் உன் மாமியார் என்னைக் கூப்பிட்டார். உனக்குத் தெரியாமல், அவராகவே. அவருடைய இங்கிலீஷும் என் ஆபீஸ் இங்கிலீஷும் சேர்ந்து ஒருவழியாகப் பேசிக்கொண்டோம். நீ அவரிடம் வளைகாப்புப் படமெல்லாம் காட்டி, இது எனக்கு வேண்டும் என்று கேட்டாயாமே. கண்ணாடி வளையல் எங்கோ தேடி வாங்கிவிட்டாராம். "முதலில் ஒரு மரத்துக் குச்சியை வளைத்துக் காப்பாகப் போட வேண்டும் என்கிறாள். அந்த மரம் இங்கே இல்லை என்று அழுகிறாள். எங்கள் தோட்டத்தில் ஒலிவ மரம் இருக்கிறது. அதன் குச்சியை வளைத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. என் மகள் கையில் வேப்பங்குச்சிக் காப்புக்குப் பதிலாக ஒலிவக் காப்பு. அதையும் போடப்போவது அவர். "கூடாது, கூடவே கூடாது. வேம்புதான். அதையும் பெற்ற தாய்தான் கொண்டுவந்து தன் கையால் போட வேண்டும். ஆயிரக்கணக்கான வருஷமாக அதுதான் எங்கள் வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. எங்கள் பக்கத்தில் நாத்தனார்தான் முதலில் போடுவாள். பொறாமையில் அந்த நிமிஷமே ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். அவர் அதை அப்படியே நம்பி, "அப்படியானால் நீங்கள் வர வேண்டும்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். தயவுசெய்து அவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதே.

அதோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அன்றைக்குப் பேசின பிறகு நீ வேலை செய்கிற அந்தப் பழைய ஏடுகள் இருக்கிற கட்டிடத்துக்குப் போகவே இல்லையாம். அந்தக் கோயில் வழியாக நடக்கவும் மாட்டேன் என்கிறாயாம், சுற்றிக்கொண்டு போகிறாயாம். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தவளைப் பார்க்க உனக்குப் பயம் வந்துவிட்டது. அதை உண்டாக்கினவள் நான். இன்னொன்று கேள். "உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை" என்றார். என்மேலா என்று கேட்டேன். "என் பேரப்பிள்ளையோடு எனக்குப் புரியாத மொழியில்தான் அவள் பேசுகிறாள். உதைத்தால் வயிற்றைத் தட்டித் திட்டுகிறாள். அந்தத் திட்டு அப்படியே உங்கள் குரல். போனில் நான் கேட்கிற அதே குரல்" என்றார்.

அந்த நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாள் அவர்மேல் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பக்கம், அவர் என்மேல் பட்ட பொறாமை ஒரு பக்கம். என்னுடையது லேசாகிவிட்டது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நல்ல பெண்மணி அவர். மருத்துவச்சியை வாசலோடு நிறுத்துகிற ஜாதி இல்லை. வாசலைத் திறந்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். நீதான் மூடி வைத்திருக்கிறாய். அதையும் நான் தப்பென்று சொல்லவில்லை. அப்படிச் சொன்ன வாயை உள்ளே விட யாருக்கு மனசு வரும்? ஆனால் ஒன்று தெரிந்துகொள். பேச்சு போனில் போய்விட்டது, அதைப் போனில் திரும்ப எடுக்க முடியாது. உன் எதிரில் நின்று, உன் வயிற்றில் கை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் உபதேசம் செய்ய வேண்டும் என்று வழக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பசித்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் சாப்பிடு. புருஷனிடம் கோபம் வந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்துவிடு, என்னை மாதிரி வருஷக்கணக்கில் ஊறவைக்காதே. உனக்குப் பெண் பிறந்தால், அவளும் ஒருநாள் யாரையாவது தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருவாள், ஒரு படமோ, ஒரு பையனோ, ஒரு ஊரோ. உனக்கு வயிறு எரியும். எரியட்டும். எரிகிறது என்று அவளிடம் அப்போதே சொல்லிவிடு. காலுக்கு சாக்ஸ் போட்டுக்கொள், அந்த ஊர்த் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது என்று நீயே சொன்னாய். இதை எழுதும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ராணியம்மாவும் இதையேதானே எழுதினாள்? உட்கார்ந்து பக்கம் பக்கமாக நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

அதனால் நிறுத்திக்கொள்கிறேன். விசா நேற்று வந்துவிட்டது. உன் மாமியார் அழைப்பு அனுப்பியிருந்தார், உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அப்பா இன்று காலை மெட்ரோ பிடித்து லோதி ரோடு போனார். நீ வயிற்றில் இருந்தபோது நான் ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு நிற்பேனே, அந்த வேப்பமர வரிசைக்கு. அன்றைக்கு என் காப்புக்கும் சைக்கிளை மரத்தில் சாய்த்துவைத்து, அதன்மேல் ஏறி அவர்தான் ஒடித்துக்கொண்டு வந்தார். இப்போது ஏற முடியுமா? அங்கே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம், "பையா, ஏக் சோட்டி டாலி தே தோ, பேட்டி கே லியே" என்று மகளுக்காக ஒரு சின்னக் கிளை கேட்டாராம். அவர் பேட்டிக்கா என்று கேட்டுவிட்டு நல்ல தளிர்க் கிளையாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்திருக்கிறார். பச்சைக் கிளையைப் பிளேனில் விட மாட்டார்கள் என்று அப்பா பயப்படுகிறார். நான் அதை வளைத்து, நூல் சுற்றி, என் கையிலேயே போட்டுக்கொண்டுவிட்டேன். என் கையில் கிடக்கிறதை எவன் கழற்றச் சொல்கிறான் என்று பார்க்கிறேன். உன் அலமாரிக் கதவில் இருக்கிறவளிடமும் சொல்லிவிட்டேன், "ஏட்டி, நான் போய்ச் சேருத வரைக்கும் அவளைப் பயமுறுத்தாம இரு" என்று.

இந்த மலர் அச்சாகி, நீ எழுத்துக்கூட்டி இந்த இடத்துக்கு வரும்போது நான் அங்கே வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். உன் ராணியம்மா நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். இல்லாவிட்டால் ஐநூறு வருஷம் கழித்தும் நீ உட்கார்ந்து படிப்பாயா? எனக்கு அவ்வளவு நன்றாக எழுத வராது. நான் வந்துவிடுகிறேன். மணி அடித்தால் உன் மாமியாரைத் திறக்க விடாதே, நீயே வந்து திற.